தனிக்குரலும் கிற்றாரும்

இசையைப் பற்றிய விருப்பு வெறுப்புகள் நம்மோடு கூடவே பிறந்தவை என்றுதான் நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எது உயர்ந்தது, எது இழிந்தது என்பதைச் செவி தானாகவே தீர்மானித்துவிடுகிறது என்பது நமது நம்பிக்கை. கொழும்பு மாநகரிலே நெடுங்காலம் சீவித்த ஒருவன் இதனை ஒப்புக்கொள்வது கடினம். இங்கே செவிக்கும் முகவரி உண்டு. வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலே மாலை வேளையில் நடந்து செல்பவனுக்கு ஒரு வீட்டிலிருந்து வீணையும், அடுத்த வீட்டிலிருந்து வாய்ப்பாட்டும், அதற்கடுத்த வீட்டிலிருந்து பரதநாட்டிய வகுப்பின் தட்டுக்கழியோசையும் கேட்கும். அங்கிருந்து வடக்கே சில மைல் தூரத்திலுள்ள கொட்டாஞ்சேனைக்குப் போனால், ஜம்பட்டா வீதியை ஒட்டிய முடுக்குகளிலே, வேலை முடிந்து வந்த மனிதர்கள் வாசற்படியிற் குந்தியிருந்து கிற்றார் மீட்டுவதைக் கேட்கலாம். இரண்டும் தமிழர் வாழும் பகுதிகள்தாம். ஆயினும் முன்னையதைச் சங்கீதம் என்கிறோம். பின்னையதைக் கூத்தடிப்பு என்கிறோம். இந்த வேறுபாட்டைச் செய்வது செவியன்று, வீட்டு வாடகை.

வடமராட்சிக் கிராமமொன்றிலிருந்து உபாத்தியாயராக நியமனம் பெற்றுக் கொழும்புக்கு வந்த நான் முதலிற் குடியிருந்தது கொட்டாஞ்சேனையிலே. பின்னர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தது வெள்ளவத்தையிலே. ஆகவே இந்த இரு செவிகளும் எனக்கு வாய்த்தன. சாந்த லூசியா பேராலயத்தின் மணியோசையும் ஜிந்துப்பிட்டி முருகன் கோவிலின் காண்டாமணியும் கலந்து கேட்கும் அந்த வட்டாரத்திலே, துறைமுகத்தில் இரவு முறை வேலை முடித்து வருபவர்கள் பகலில் உறங்குவார்கள். மாலையில் எழுந்து பாடுவார்கள். தமிழர், சிங்களவர், பறங்கியர், மலாயர் என்ற பேதம் அந்தப் பாட்டிலே இருக்கவில்லை. ஒருவன் கிற்றாரை எடுத்தால் மற்றவன் வெறும் பெட்டியொன்றிலே தாளம் போடுவான். பாட்டின் பெயர் பைலா.

பைலாவை இழிவாகக் கருதுவோர் அதன் பிறப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. போர்த்துக்கேயர் இந்நாட்டிலே கால் வைத்தபோது தம்மோடு ஆபிரிக்க மக்களையும் அடிமைகளாகவும் படையாட்களாகவும் கொண்டு வந்தனர். அவர்களுக்குப் பின் வந்தோரும் அதையே செய்தனர். அம்மக்களின் வழிவந்தோர் இன்றும் புத்தளத்தை அடுத்த சிறாம்பையடியில் வாழ்கின்றனர். அவர்களுடைய தாளமும் போர்த்துக்கேயப் பாட்டும் கலந்து உருவானவையே காபிரிஞ்ஞாவும் பைலாவும். ‘பைலா’ என்னும் சொல் ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. பின்னாளிலே பொலிஸ் உத்தியோகத்தராகக் கடமையாற்றிய வொலி பஸ்தியன் அதனைச் சிங்கள மொழியிலே நாடெங்கும் பரப்பினார். அடிமைக் கப்பலில் ஏறி வந்த தாளம் ஒன்று, நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் துறைமுகத் தொழிலாளியின் வாசற்படியிலே களைப்பைப் போக்குகிறது. இதிலே இழிவு எங்கேயிருக்கிறது?

இந்தத் தாளத்தைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர்கள் நமது பொப் இசைப் பாடகர்கள். 1960களின் பிற்பகுதியிலிருந்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிற்றாரோடு பாடிய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ முதலிய பாடல்களை அறியாத ஈழத்தவர் அரிது. ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ கடல் கடந்து சென்றது. 1977இல் ஒரு தமிழ்நாட்டுத் திரைப்படத்திலும் ஒலித்தது. வானொலியைத் திறந்தால் தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டைத் தவிர வேறொன்றும் கேளாத காலத்திலே, நமது ஊர்ப் பேச்சும், நமது மாமியும், நமது கள்ளுக்கடையும் பாட்டுக்குள்ளே வந்தது சிறிய காரியமன்று. ஈழத்து எழுத்தாளர்கள் மண்வாசனைக்காக ஏடுகளிலே வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் வாதாடாமலே அதைப் பாடிவிட்டனர். பண்டிதர்கள் முகஞ் சுளித்தனர். வெள்ளவத்தைப் பெற்றார் வானொலியின் சத்தத்தைக் குறைத்தனர். ஆனால் கலியாண வீடுகளிலே அதே பெற்றார் தலையசைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனினும் ஒரு குறை எனக்கு எப்போதும் தோன்றிக்கொண்டேயிருந்தது. அந்தப் பாட்டுகளிலே சிரிப்பு இருந்தது, கிண்டல் இருந்தது, புத்திமதியும் இருந்தது. பாடுகிறவன் எங்கே? கிற்றாரைத் தூக்கி நின்ற மனிதனின் சொந்த வாழ்வு எங்கே? துறைமுகத்திலே மூட்டை தூக்கியவன் மாலையில் ‘சுராங்கனி’ பாடினான். தான் தூக்கிய மூட்டையைப் பற்றி அவன் பாடவில்லை. களைப்பைப் போக்கும் பாட்டு இருந்தது. களைப்பைச் சொல்லும் பாட்டு இருக்கவில்லை.

இந்தக் குறைக்குப் பெயரிட்டுக் காட்டியவன் என் மாணவன் ஒருவன். கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் பஸ்ஸேறி வெள்ளவத்தைப் பக்கத்துப் பாடசாலைக்கு வந்தவன். தந்தை துறைமுகத் தொழிலாளி. பாட்டி ஹற்றன் பகுதித் தோட்டமொன்றிலே லயத்தில் பிறந்தவள். பையன் சனிக்கிழமைகளில் ஓர் இசைக்கோஷ்டியோடு கலியாண வீடுகளுக்குப் போய்க் கிற்றார் வாசிப்பான். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் என்னிடம் வந்து நின்றான்.

“சேர், தமிழில புளூஸ் பாட ஏலுமா?”

“முதலிலே புளூஸ் என்றால் என்னவென்று சொல்லும், தம்பி.”

“கவலைப் பாட்டு, சேர்.”

“கவலைப் பாட்டுக்கு நமது சினிமாவிலே பஞ்சமா?”

“அது இன்னொருத்தர் எழுதிக் குடுத்த கவலை, சேர். இது பாடுறவன்ட கவலை.”

இலக்கிய விமர்சகர்கள் பல பக்கங்களில் எழுதுவதை அவன் ஒரு வாக்கியத்திலே சொல்லிவிட்டான். அவனுடைய கைத்தொலைபேசியிலே அமெரிக்க நீக்ரோ மக்களின் பழைய பாட்டுகள் நிறைந்து கிடந்தன. கோஷ்டியை விட்டு நீங்கித் தனியாகப் பாடவேண்டும், தானே எழுதித் தானே பாடவேண்டும் என்பது அவன் ஆசை. வீட்டிலோ ஒப்பவில்லை. “சனிக்கிழமை கோஷ்டியோட போனா கையில காசு வருது. தனிய நிண்டு பாடினா யார் குடுப்பாங்கள் எண்டு அம்மா கேக்கிறா, சேர்” என்றான். அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அந்த வீட்டிலே சனிக்கிழமைப் பணத்தினால்தான் திங்கட்கிழமை அடுப்பெரிந்தது. கலையைப் பற்றி உபதேசிக்கும் நாம் அந்த அடுப்பை மறந்து பேசலாகாது. ஆகவே அவனுக்கு உடனே விடை சொல்லாமல், புளூஸ் பிறந்த கதையை அவனோடு சேர்ந்து படிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி ஆற்றின் சமவெளியிலே பருத்தித் தோட்டங்கள் பரந்து கிடந்தன. 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆயினும் விடுதலை பெற்ற மக்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. முதலாளியின் நிலத்தைப் பயிரிட்டு விளைச்சலிற் பங்கு கொடுத்தனர். விதையும் உணவும் துணியும் அவனுடைய கடையிலே கடனுக்குப் பெற்றனர். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடனே மிஞ்சியது. இதைப் படித்தபோது பையன் நிமிர்ந்து பார்த்தான். “எங்கட பாட்டி சொல்ற துண்டு மாதிரி இருக்கு, சேர்.” உண்மை. தென்னிந்தியாவிலிருந்து கங்காணி கொடுத்த முற்பணத்தோடு நமது மலைநாட்டுக்கு வந்த தொழிலாளியும் கடனோடுதான் தோட்டத்திலே காலடி வைத்தான். அவன் கடன் இவ்வளவு என்று எழுதப்பட்ட துண்டில்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை அந்தக் காகிதத் துண்டு மனிதனைக் கட்டி வைத்திருந்தது. அங்கே பருத்தி, இங்கே தேயிலை, பூட்டு ஒன்றுதான்.

அந்தப் பருத்தித் தோட்டங்களிலிருந்துதான் தனியொரு மனிதன் ஒரு கிற்றாரோடு பாடும் இப்பாட்டு எழுந்தது. வில்லியம் ஹாண்டி என்ற இசைக்கலைஞர், 1903 அளவில் மிசிசிப்பியின் சிற்றூர் ரெயில் நிலையமொன்றிலே, கந்தை உடுத்த மனிதன் ஒருவன் கத்தியைக் கிற்றார்த் தந்தியில் அழுத்தி இழைத்துப் பாடியதைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். 1920இல் மேமி ஸ்மித் என்ற பாடகியின் இசைத்தட்டு இலட்சக்கணக்கான வீடுகளுக்கு இப்பாட்டைக் கொண்டு சென்றது. இருபத்தேழு வயதிலே 1938இல் மாண்டுபோன ரொபேட் ஜோன்சன் 1936, 1937 ஆகிய இரு ஆண்டுகளிலும் பதிவுசெய்தவை 29 பாடல்களே. அவை இன்றுவரை உலகத்தின் கிற்றார் வாசிப்பைப் பாதித்துக்கொண்டிருக்கின்றன. மடி வோட்டேர்ஸ் ஒரு தோட்டத்திலே உழவு இயந்திரம் ஓட்டியவர். கூலியைச் சற்று உயர்த்தும்படி கேட்டார், மறுக்கப்பட்டது, 1943இல் ரெயிலேறிச் சிக்காகோவுக்குப் போனார். கூலி உயர்வு மறுக்கப்பட்ட தொழிலாளி ஒருவரின் புறப்பாட்டிலே ஒரு நகரத்தின் இசையே மாறிற்று.

தனியாகப் பாடும் வாழ்வு எத்தகையது என்பதை அறிய, பிக் பில் புரூன்சியின் கதையை அவனுக்குச் சொன்னேன். தெற்கிலிருந்து 1920 அளவிலே சிக்காகோவுக்கு வந்த இவர் பகலிலே கூலி வேலையும் இரவிலே பாட்டுமாக வாழ்ந்து, பல கலைஞர்களோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிவுசெய்தார். 1938இல் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்திலே வெள்ளையர் சபைக்கு முன் அவரை நிறுத்தியபோது, அப்போதுதான் ஏரை விட்டு வந்த உழவனாக அறிமுகம் செய்தனர். நகரத்திலே பல்லாண்டு வாழ்ந்து, நகரத்து உடையணிந்து, நகரத்து இசை பாடிய மனிதரைக் காண அவர்கள் விரும்பவில்லை. 1950இல், அத்தனை இசைத்தட்டுகளுக்கும் பிறகு, அயோவாவிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரியொன்றிலே தரை துடைக்கும் வேலை பார்த்தார். நிறத்தின் காரணமாக வேலையும் கூலியும் மறுக்கப்படுவதைப் பற்றி அவர் எழுதிய பாட்டைப் பதிவுசெய்ய அமெரிக்கக் கம்பனிகள் முன்வரவில்லை. 1951இல் ஐரோப்பாவுக்குத் தனியாகக் கிற்றாரோடு சென்றபோதுதான் அது பாரிஸிலே பதிவாயிற்று. தொண்டைப் புற்றுநோயினால் 1958இல் அவர் காலமானார்.

“அப்ப தனியப் பாடினா தரை துடைக்க வேணுமா, சேர்?” என்று பையன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. இக்கதையிலே இரண்டு பாடங்கள் உண்டு. தனியாகப் பாடுகிறவனுக்குச் சந்தையிலிருந்து விடுதலை கிடைத்துவிடாது என்பது முதலாவது. கோஷ்டியிலே நின்றாலென்ன, தனியே நின்றாலென்ன, காசு கொடுப்பவன் தனக்குப் பிடித்த உருவத்தை எதிர்பார்க்கிறான். மனோகரனுக்கும் இதுவே நேர்ந்தது. ஈழத்திலே ‘வாடைக்காற்று’ போன்ற படத்தில் நடித்த அவரைத் தென்னிந்தியச் சினிமா பெரும்பாலும் வில்லன் வேடங்களுக்கே பயன்படுத்தியது. 2018 ஜனவரியிலே சென்னையிற் காலமாகும்வரை மேடையிலே சபையோர் கேட்டது அதே ‘சுராங்கனி’யைத்தான். நித்தி கனகரத்தினமோ விவசாயக் கல்வியைத் தொழிலாகக் கொண்டு, ஆஸ்திரேலியாவிலே குடியேறி, வாழ்வுக்கு ஒரு தொழிலும் மனத்துக்கு ஒரு பாட்டுமாக இருந்தார். கூலிக்கு ஒரு கை, கிற்றாருக்கு ஒரு கை என்பது வெட்கத்துக்குரியதன்று. புரூன்சியின் கையில் இருந்த துடைப்பம் அவருடைய பாட்டைக் குறைத்துவிடவில்லை. அவரை அந்த நிலையிலே வைத்த சமுதாயத்தைத்தான் அது காட்டிக்கொடுத்தது.

இரண்டாவது பாடம் இன்னும் முக்கியமானது. தனிக்குரல் என்பது தனிமனிதவாதமன்று. புளூஸ் பாடகன் ‘நான்’ என்று தொடங்குகிறான். பிரட்டுக்குப் பிந்திய நான், ரெயிலைப் பிடிக்க ஓடும் நான், வீட்டுக்காரன் வெளியே தள்ளிய நான். அந்த ‘நான்’ ஆயிரம் பேருக்குப் பொருந்துகிறது. நம்மவர்களுக்கு இது புதிதன்று. ஒப்பாரி வைக்கும் பெண்ணும் ‘என்னைப் பெற்றவளே’ என்றுதானே தொடங்குகிறாள்? தன் இழவைச் சொல்லத் தொடங்கி ஊர்ப் பெண்கள் அனைவரின் வாழ்வையும் சொல்லி முடிக்கிறாள். மலைநாட்டு மக்களின் தாலாட்டும், கொழுந்தெடுக்கும்போது பாடிய பாட்டும், கங்காணியை ஏசிய பாட்டும் இவ்வாறு எழுந்தவையே. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தொகுத்திராவிட்டால் பெரும்பகுதி லயத்துப் புகையோடு போயிருக்கும். கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிலாளர் கூட்டங்களிலே பேச்சோடு பாட்டையும் கொண்டு சென்றனர். எழுத்தறியாத மக்களுக்குத் துண்டுப்பிரசுரத்தைவிடப் பாட்டு விரைவிலே விளங்கியது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இலட்சக்கணக்கானோர் தலைமன்னாருக்கு ரெயிலேறியபோது, மலைநாட்டு நிலையங்களிலே எழுந்த அழுகுரலுக்கு ஒரு கிற்றார் மட்டுந்தான் இருக்கவில்லை.

இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது சங்கீதம் கற்பிக்கும் என் நண்பரொருவர் ஐயம் கிளப்பினார். “கதையெல்லாம் சரி. தமிழின் ஓசைக்கு அது ஒத்துவருமா?” என்றார். அவருடைய வீணையிலேயே அதற்கு விடை இருந்தது. புளூஸ் பாடகன் மூன்றாவது சுரத்தைப் பிடிக்கும் இடம் மேல்நாட்டுப் பியானோவில் இல்லை. நமது கணக்கிலே சொன்னால் அது சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையிலே அசைந்து நிற்பது. ஏழாவது சுரம் கைசிகி நிஷாதத்தின் பக்கமாகச் சாய்வது. கமகத்திலே பழகிய செவிக்கு இது அந்நியமாக இருக்க முடியாது. பாட்டின் கட்டோ மிக எளியது. ஓரடியைப் பாடுவான், அதையே மீண்டும் பாடுவான், மூன்றாமடியிலே விடை சொல்வான். ஒவ்வோரடிக்கும் பின்னே கிற்றார் மறுமொழி கூறும். பன்னிரண்டு தாளக்கட்டுக்குள் ஒரு செய்யுள் முடிந்துவிடும். நண்பர் வீணையை எடுத்தார். பையன் கிற்றாரை எடுத்தான். அரைமணி நேரம் கழித்து நண்பர் சொன்னது, “காந்தாரத்தை நன்றாகத்தான் பிடிக்கிறான்” என்பதே.

இதற்கு உலகறிந்த சாட்சியும் உண்டு. தஞ்சைப் பகுதியை வேராகக் கொண்ட தமிழ்ப் பெற்றாருக்கு 1973இல் இலண்டனிலே பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்த சுசீலா ராமன் சிறுவயதிலே கர்நாடக இசை பயின்றவர். வாலிப வயதிலே றொக்கும் புளூசும் பாடியவர். பின்னர் இந்தியா வந்து சுருதி சதோலிக்கரிடம் பயின்றார். சாம் மில்ஸ் என்னும் கிற்றார்க் கலைஞரோடு சேர்ந்து அவர் 2001இல் வெளியிட்ட ‘சோல்ட் றெயின்’ என்ற முதல் தொகுப்பு இங்கிலாந்தின் மேர்க்கரிப் பரிசுக்கான பட்டியலிலே இடம்பெற்றது. 2011இல் வந்த தொகுப்புக்கு அவர் இட்ட பெயர் ‘வேல்’. முருகன் பாட்டு புளூசிலே தோய்ந்த குரலில் வருவதைக் கேட்ட சிலர் ஆசாரம் கெட்டதென்றனர். ஜிந்துப்பிட்டியிலே காவடி எடுப்பவனின் குரல் எந்தச் சபாவின் இலக்கணத்துக்கு அடங்கியது?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். கறுத்த மக்களின் துயரத்தை அமெரிக்க அரசு தன் பெருமைக்கும் பயன்படுத்தியதுண்டு. 1963இல் டியூக் எலிங்டனின் வாத்திய கோஷ்டி அந்த அரசின் செலவிலே கொழும்புக்கும் வந்து போயிற்று. அதே ஆண்டு செப்டெம்பரிலேதான் அலபாமாவின் பேர்மிங்காமிலே கறுத்த மக்களின் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றனர். எலிங்டனின் கலை உயர்ந்தது. அதை அனுப்பியவர்களின் நோக்கம் வேறு. பாட்டை அதன் மக்களிடமிருந்து பிரித்தெடுத்தால் அது யாருக்கும் அலங்காரமாகிவிடும். கொழும்பு ஹோட்டல்களிலே புளூஸ் ஒலிப்பதுண்டு. அங்கே பாத்திரம் கழுவும் மலையகத்துப் பையனுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதில்லை.

பையன் கேட்டான். அவன் எழுதிய முதற்பாட்டு அவன் பாட்டியைப் பற்றியது. பன்னிரண்டு வயதிலே தரகர் ஒருவர் அவளைத் தோட்டத்திலிருந்து அழைத்து வந்து வெள்ளவத்தையிலே ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் வேலைக்கு விட்டார். சம்பளம் மாதந்தோறும் தகப்பனுக்குப் போயிற்று. அவள் சமையலறைத் தரையிலே படுத்தாள். அடுத்த அறையிலே வீட்டுப் பெண்பிள்ளைக்கு வீணை வகுப்பு நடந்தது. தேங்காய் துருவியபடி கேட்டே அவள் சில கீர்த்தனைகளை மனனஞ் செய்தாள். பாட மட்டும் அவளுக்கு அனுமதியில்லை. இவ்வளவுதான் பாட்டு. ஏச்சில்லை, கோஷமில்லை. ஓரடி, மீண்டும் அதே அடி, பிறகு மூன்றாமடி.

பாடசாலையின் கலைவிழாவிலே அதைப் பாடுவதற்கு அவன் பெயர் கொடுத்தான். ஏற்பாட்டுக்குழுவிலே நானும் இருந்தேன். பாட்டு நன்றாயிருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். “பெற்றாரெல்லாம் வருவார்கள், மாஸ்ரர்” என்றார் ஒருவர். “ஏன் இப்போது இதைக் கிளறுவான்? பையன் நன்றாகக் கிற்றார் அடிக்கிறான். ‘சுராங்கனி’யைப் பாடட்டுமே” என்றார் மற்றொருவர். நான் வாதாடினேன். வாக்கெடுப்பிலே தோற்றேன். அவர்கள் கெட்டவர்களல்லர். 1983 ஜூலையிலே வெள்ளவத்தையில் வீடெரியப் பார்த்தவர்கள் அவர்களுள் இருந்தனர். 2007 ஜூன் மாதத்திலே வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழரை விடியற்காலையில் எழுப்பி பஸ்ஸேற்றிக் கொழும்பை விட்டு அனுப்பியபோது, உயர்நீதிமன்றம் தடுக்கும்வரை உள்ளம் பதறியவர்களும் இருந்தனர். அந்தத் துயரங்களைப் பற்றி அவன் பாடியிருந்தால் அதே குழு எழுந்து நின்று கைதட்டியிருக்கும். நமக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பாடுவது நமக்குப் பிடிக்கும். நமது சமையலறையிலே நாம் இழைத்ததைப் பாடினால் அது கலைவிழாவுக்குப் பொருந்தாது.

இது பழங்கதையென்று யாரேனும் கருதுவாராயின், 2021 ஜூலையை நினைவுகூர வேண்டுகிறேன். மலைநாட்டிலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு மருத்துவமனையிலே உயிர்நீத்தாள். நாடெங்கும் ஊர்வலங்கள் நடந்தன. சில வாரங்கள் பேசினோம். பின்னர் மறந்தோம். பத்திரிகைச் செய்தி மறைந்துவிடும். வழக்கு நீண்டுகொண்டே போகும். பாட்டு ஒன்றுக்குத்தான் ஒரு பெண்ணைத் தலைமுறை தாண்டி நிறுத்தி வைக்கும் வல்லமை உண்டு.

அவன் ‘சுராங்கனி’ பாடவில்லை. அதன்மேல் அவனுக்கு வெறுப்பில்லை. சனிக்கிழமைகளிலே கலியாண வீட்டில் அதைத்தான் வாசிக்கிறான். “அது வேற, இது வேற, சேர்” என்றான். கோஷ்டியை விட்டுவிடாமல், தனிப்பாட்டையும் விட்டுவிடாமல் இருப்பது என்று தீர்மானித்தான். தாய்க்கு அது நிம்மதி. எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. தனியே பாடுவது என்பது வேலையை உதறுவதன்று. சொல்லை வாடகைக்கு விடாதிருப்பது.

சில மாதங்களின் பின் அவன் பாட்டி இறந்துபோனாள். கருமாதியன்று மாலை நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். முடுக்கின் அகலம் இரண்டு கதிரைகளுக்கு மேல் இல்லை. தகரப் பந்தலின் கீழே துறைமுகத் தோழர்களும், ஹற்றனிலிருந்து வந்த உறவினரும், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பமும் இருந்தனர். பையன் கிற்றாரோடு ஒரு முக்காலியிலே அமர்ந்து அந்தப் பாட்டைப் பாடினான். முதலடியைப் பாடினான். அதையே மீண்டும் பாடினான். மூன்றாமடியைச் சொல்வதற்கு முன், உள்ளேயிருந்து ஒரு கிழவியின் குரல் எழுந்தது. தோட்டத்து ஒப்பாரி. இன்னொருத்தி சேர்ந்தாள். பையன் நிறுத்தவில்லை; தந்தியை மெல்ல மீட்டி அவர்களுக்கு இடங்கொடுத்தான். அவர்கள் ஓய்ந்ததும் தன் மூன்றாமடியைப் பாடினான். யாரும் கைதட்டவில்லை. அவன் தந்தை எழுந்து எல்லோருக்கும் தேநீர் கொண்டு வந்தார்.

தமிழிலே புளூஸ் பாட முடியுமா என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது. மிஞ்சியிருக்கும் கேள்வி அவனுடையதன்று, நம்முடையது. ஆசிரியர்களாகிய நாம் ஒவ்வோராண்டும் எத்தனையோ விழாக்களை நடத்துகிறோம். நம் வகுப்புகளிலே, பின்வரிசையிலே, வீட்டுச் சரித்திரத்தைக் கையிலே வைத்துக்கொண்டு எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிற்றாரை வாங்கிக் கொடுக்கும் வசதி நம்மிற் பலருக்கு இல்லை. பாடத் தொடங்கும்போது ‘இது வேண்டாம், வேறொன்று பாடு’ என்று சொல்லாதிருக்க வசதி தேவையில்லை. அடுத்த ஏற்பாட்டுக்குழுக் கூட்டம் அடுத்த மாதம் நடைபெற இருக்கிறது. அவனுடைய பாட்டை மீண்டும் பட்டியலிலே எழுதி வைத்திருக்கிறேன்.